கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதும் முன்: பதினெட்டு ஆண்டுகள் கையாண்ட ஆங்கிலச் சொற்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் புகார்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலையில் பாதி. மேசையில் இருக்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளைப் போலவே என் கையில் புழங்கியவை சில ஆங்கிலச் சொற்கள்: ஃபைண்ட், டிஸ்கவர், டிடெக்ட், ஐடென்டிஃபை, அண்டர்ஸ்டாண்ட், சால்வ், ரிசால்வ். இத்தனை ஆண்டுப் புழக்கத்தில் எது எங்கே உதவியது, எது எங்கே காலை வாரியது என்று எழுதி வைக்க ஆசை.

முதலில் நம் பக்கத்துச் சிக்கலைச் சொல்ல வேண்டும். தமிழில் 'கண்டுபிடி' என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம், திருடனைக் கண்டுபிடிக்கிறோம், விடையைக் கண்டுபிடிக்கிறோம். கொலம்பஸ் தீவுகளைக் கண்டுபிடித்தார், எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். கண்டு, பிடித்தல்: அழகான, வலுவான சொல். ஆங்கிலத்தில் இந்த ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை வேலைதான் கற்றுக்கொடுத்தது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பம்ப் கசிகிறது என்று புகார் வந்தது. வார்ப்படத்தில் காற்றுக்குமிழ் ஓட்டை, ஃபவுண்ட்ரியில் புளோஹோல் என்பார்கள். திரும்பி வந்த பம்பின் வெளி உறையை அறுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டையை 'டிஸ்கவர்' செய்தோம் என்று எழுதினேன். வாடிக்கையாளரின் பதில் ஒரே கேள்வி: உங்கள் அழுத்தச் சோதனையில் இது ஏன் 'டிடெக்ட்' ஆகவில்லை? அன்றிரவு இரண்டு சொற்களையும் அகராதியில் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். டிஸ்கவர் என்றால் அதுவரை தெரியாதிருந்தது தெரியவருதல். லத்தீன் வேரில் 'மூடியை விலக்குதல்'. டிடெக்ட் என்பதற்கும் வேர்ப்பொருள் மூடியை விலக்குவதுதான், ஆனால் இன்றைய பயன்பாட்டில் அது தேடுகிறவனின் சொல். கருவியை வைத்து, ஒளிந்திருப்பதை எதிர்பார்த்துப் பிடிப்பது. எங்கள் துறையில் அதற்கு மதிப்பெண்கூட உண்டு. எந்தக் குறை எங்கே நேரலாம் என்று முன்கூட்டியே மதிப்பிடும் எஃப்எம்இஏ அட்டவணையில் டிடெக்‌ஷன் 1 முதல் 10 வரை; எளிதில் பிடிபடும் குறைக்கு 1, பிடிக்கவே வழியில்லாத குறைக்கு 10. புதிதாக வருபவர்கள் 10 என்றால் நல்லது என்று நினைத்துவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.

என் வரிசையில் மிக ஆபத்தான சொல் இன்வென்ட். உடன் பணியாற்றிய ஒருவர் நல்ல மனத்தோடு, 'காரணத்தை இன்வென்ட் செய்துவிட்டோம்' என்று பொருள்படும் வரியை எழுதி அனுப்ப இருந்தார். தமிழில் அது 'கண்டுபிடித்துவிட்டோம்'. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு, 'இல்லாத காரணத்தை நாங்களே ஜோடித்துவிட்டோம்'. பொய்யாகப் புனைவதற்கும் அதே சொல்தான். தொழிற்சாலை மொத்தத்தின் நேர்மையும் அந்த ஒரு வினைச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபைண்ட், ஃபைண்ட் அவுட் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பொருளைக் கண்டால் ஃபைண்ட். விசாரித்து ஒரு செய்தியை அறிந்தால் ஃபைண்ட் அவுட். விரிசலை ஃபைண்ட் செய்யலாம், ஏன் விரிசல் விழுந்தது என்பதைத்தான் ஃபைண்ட் அவுட் செய்ய வேண்டும். மேக் அவுட் எனக்கு மிகப் பிடித்தது. மங்கலாகத் தெரிவதைக் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அந்த முயற்சி முழுவதும் அதற்குள் இருக்கிறது. வார்ப்படத்தின் மேல் பெயிண்ட் மூடிய ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணை, படிக்க முடியாதபோது அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஃபிகர் அவுட் அமெரிக்கர்களின் பேச்சில் அதிகம், வர்க் அவுட் பிரிட்டனில். இரண்டையும் தொலைபேசியில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

அண்டர்ஸ்டாண்ட் பற்றி நிறையச் சொல்லலாம். தமிழில் 'எனக்குப் புரிகிறது' என்கிறோம். புரிதல் எங்கிருந்தோ நமக்கு வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாய், புரிதல் அந்த 'நான்' செய்யும் செயல். இந்த வேறுபாட்டால்தான் நம்மில் பலர் 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்' என்று இழுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். அதைவிட முக்கியம், வணிகக் கடிதத்தில் 'வி அண்டர்ஸ்டாண்ட் தட்' என்று தொடங்கினால் பெரும்பாலும் 'எங்களுக்குக் கிடைத்த தகவல் இது, சரிதானா' என்று பொருள். பல ஆண்டுகள் அதை ஒப்புதல் என்று எண்ணிப் பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

சால்வ், ரிசால்வ், ரெக்டிஃபை: இந்த மூன்றில்தான் மனசாட்சி வேலை செய்ய வேண்டும். ரெக்டிஃபை நம் ஊர் அறிக்கைகளில் கொட்டிக் கிடக்கும். கெட்ட பம்பைச் சரிசெய்துவிட்டோம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ரிசால்வ் என்றால் புகார் முடிந்தது. புதிய பம்ப் அனுப்பினால்கூடப் புகார் முடிந்துவிடும். சால்வ் என்றால் ஏன் நடந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அதன் லத்தீன் வேருக்குத் தளர்த்துதல், அவிழ்த்தல் என்று பொருள். நாம் முடிச்சை அவிழ்க்கிறோம் என்று சொல்வதும் அதே பார்வை. துப்பைக் குறிக்கும் குளூ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நூற்கண்டு. கிரேக்கக் கதையில் தீசியஸ் சிக்கலான மாளிகையிலிருந்து வெளியே வரப் பிடித்து வந்த நூல். இதை முதன்முதலில் படித்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஃபோர்டு நிறுவனம் 1987இல் கையேடாக்கிய, படிப்படியாகச் சிக்கலைத் தீர்க்கும் 8டி முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். அதன் நான்காம் படி மூலகாரணம். அந்தக் காரணத்தை மீண்டும் வைத்தால் பம்ப் கசிய வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். இந்தச் சோதனை முடியும் வரை சஸ்பெக்ட், முடிந்த பின் ஐடென்டிஃபை, சான்றோடு நிறுவினால் எஸ்டாப்ளிஷ், திருத்தம் களத்தில் நிலைத்தால் மட்டும் சால்வ். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, நானே வகுத்துக்கொண்ட வரிசை இது. ஒரு படியைத் தாண்டி எழுதுவதில்லை.

இவற்றைக் கற்க எனக்குத் துணை நின்றது உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கோபில்ட் அகராதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987இல் வெளிவந்த அந்த வரிசையில், பொருளை முழு வாக்கியமாகவே எழுதியிருப்பார்கள். யார் செய்வது, எதைச் செய்வது என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். 'கண்டுபிடி' என்று ஒரே சொல்லை எதிரே வைத்துவிட்டு நகரும் இருமொழி அகராதிகளில் எனக்கு இது கிடைக்கவில்லை. அறிக்கை எழுதும் வேலைக்கு வருபவர்கள் முதல் மாதச் சம்பளத்தில் இப்படி ஒன்றை வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன்.

சென்ற மாதம் ஒரு பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் மூன்றாம் முறையாகத் தேய்ந்து திரும்பி வந்தது. அறிக்கைக்குக் கடைசி நாள். மூலகாரணம் இன்னும் 'எஸ்டாப்ளிஷ்' ஆகவில்லை என்று எழுதினேன். மேலாளர் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். 'ஐடென்டிஃபைட் என்று போட்டுவிடலாமே' என்றார். சோதனை முடியவில்லை சார் என்றேன். கையெழுத்திட்டார். வாடிக்கையாளர் இன்னும் மூன்று வாரம் கொடுத்திருக்கிறார். பம்ப் சோதனை மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை வரை கசியவில்லை.