ஒரே குறிப்பு, மூன்று அளவுகள்: குரோஷா டேங்க் டாப் பின்னிய நீண்ட நாள் அனுபவம்

புதுச்சேரியின் வெயிலுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் ஏற்ற கையில்லா மேலாடை என்பதால், பருத்தி நூலில் குரோஷா முறையில், அதாவது கொக்கி ஊசியால், பின்னும் டேங்க் டாப் குறிப்பு ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகக் கீழிருந்து மேலாகப் பின்னி, பக்கங்களிலும் தோளிலும் இணைக்கும் எளிய அமைப்பு அது. 4 மி.மீ. ஊசி, டிகே எனப்படும் மிதமான தடிமன் நூல், ஆறு கண்ணிக்கு (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) ஒரு சிப்பி, அதாவது விசிறிபோல் விரியும் கண்ணிக் கூட்டம், என்ற கணக்கில் அமைந்த கோலம், சிப்பி வரிசைகளுக்கு இடையே டபுள் குரோஷா என்னும் உயரமான கண்ணிகளாலான சாதா வரிசைகள். இவ்வளவுதான் அதன் அடிப்படை. குறிப்பில் 34, 38 அங்குல மார்புச் சுற்றளவுக்கான இரண்டே அளவுகள் தரப்பட்டிருந்தன. எங்கள் வீட்டிலோ தங்கை மகளுக்கு 32, எனக்கு 36, அண்ணிக்கு 44. மூவருக்கும் இதே குறிப்பிலிருந்து பின்னி, அவற்றை நாங்கள் உடுத்தித் துவைத்துப் பழகிய பிறகே இதை எழுதுகிறேன்.

குறிப்பின் கோலத்தையும் விளக்கத்தின் தெளிவையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், பெரிய அளவு வேண்டுவோர் பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள வரியை ஓர் எல்லைக்கு மேல் பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணிகள் விழும் இடத்தில், 4.5 மி.மீ. ஊசியால் 17 கண்ணிகள் விழுவதாக வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. சுற்றளவு அப்போது 95 செ.மீ. ஆகிவிடும். இரண்டு அங்குலம் கூட்ட இது போதும். அதற்கு மேல் ஊசியைப் பெரிதாக்கினால் அகலத்தோடு உயரமும் வளர்ந்து கழுத்து இறங்கும், கைக்குழி அகலும், சிப்பிகளுக்கு இடையே உள்ளாடை தெரியும் அளவுக்குத் துணி சல்லடையாகிவிடும்.

ஆகவே கண்ணிக் கணக்கை மாற்றுவதே சரியான வழி. அதற்கு முன் மாதிரித் துண்டு பின்னுவதைத் தவிர்க்கவே முடியாது. அதுவும் 10 செ.மீ. சதுரத்தில் நின்றுவிடாமல் 15 செ.மீ. அளவில் பின்னி, ஆடையை எப்படித் துவைப்போமோ அப்படியே துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் மட்டும் எண்ண வேண்டும். காய்ந்த துண்டின் கீழ் விளிம்பில் சில துணிக் கிளிப்புகளை மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, உயரத்தை மறுபடி அளப்பதும் என் வழக்கம். பருத்தி நூலுக்குக் கம்பளியைப் போல் மீண்டு சுருங்கும் குணம் இல்லை. தன் எடையாலேயே அது கீழ்நோக்கி நீளும். ஆடையின் உயரத்தை இந்தத் தொங்கிய துண்டைக் கொண்டு கணக்கிட்டால், இடுப்பில் நிற்க வேண்டியது தொடைவரை இறங்கும் நிலை வராது.

இனி அகலம். எனக்கு 36 அங்குலம், அதாவது 91.4 செ.மீ. தையற்காரர்கள் லூஸ் என்று சொல்லும் தளர்வுக்கு 5 செ.மீ. சேர்த்தால் 96.4, ஒரு பக்கத்துக்கு 48.2 செ.மீ.; செ.மீ.க்கு 1.8 கண்ணி வீதம் 87 கண்ணிகள். ஆனால் சிப்பி ஆறின் மடங்கில்தான் முழுமையாக விழும் என்பதால் 84 அல்லது 90 என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 84 எடுத்தால் மொத்தச் சுற்றளவு 93.3 செ.மீ.; 90 எடுத்தால் 100 செ.மீ. பக்கத்துக்கு ஒரு சிப்பி கூடினால் சுற்றளவு 6.7 செ.மீ. தாவுகிறது என்பதே இந்தக் கோலத்தின் இயல்பு. இடைப்பட்ட அளவு வேண்டும் என்பதால் நான் 84-ஐ வைத்துக்கொண்டு, இணைப்பு வரும் ஓரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சாதாக் கண்ணியைச் சேர்த்தேன். கைக்கு அடியில் மறைந்துவிடும் அந்த ஒற்றைக் கண்ணிகளால் கோலம் சிதையவில்லை, சுற்றளவும் 95.6 செ.மீ. ஆனது. தங்கை மகளுக்கு 78 கண்ணிகள் மாற்றமின்றியே பொருந்திவிட்டன.

கடினமான பகுதி தோளும் கைக்குழியும்தான். உடல் பருக்கும் விகிதத்தில் எலும்பு அகலமாவதில்லை என்பதைப் பின்னல் குறிப்புகள் பலவும் மறந்துவிடுகின்றன. அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வெளியிட்டுள்ள பெண்கள் அளவு அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறிய அளவுக்கு மார்பு 32 முதல் 34 அங்குலம், தோளுக்குத் தோள் முதுககலம் 14½ முதல் 15; ஒன்று எக்ஸ் (1X) எனப்படும் பெரிய அளவுக்கு மார்பு 44 முதல் 46, முதுககலம் 17½. மார்பு 12 அங்குலம் கூடும்போது முதுகு மூன்று அங்குலத்துக்கு மேல் கூடுவதில்லை. கைக்குழியின் ஆழமும் 6½-7 அங்குலத்திலிருந்து 8-8½ வரை, ஒன்றரை அங்குலம் மட்டுமே வளர்கிறது.

அண்ணிக்கு ஒரு பக்கத்துக்கு 108 கண்ணிகள் வந்தன. குறிப்பின் சிறிய அளவான 84-ஐவிட 24 அதிகம். இந்த 24-ஐயும் மேல்வரை கொண்டுபோனால் தோள்பட்டி தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். எனவே 12 கண்ணிகளை, அக்குளுக்கு ஆறு வீதம், கைக்குழி தொடங்கும் இடத்திலேயே பின்னாமல் விட்டேன். மீதி 12-இல் தோள்பட்டிக்கு மும்மூன்றும் கழுத்துக்கு ஆறும் கொடுத்தேன். கைக்குழிக்கு நான்கு வரிசைகள் கூட்டினேன். சாதா வரிசையின் உயரம் ஏறத்தாழ 1 செ.மீ. என்பதால் அட்டவணை சொல்லும் ஒன்றரை அங்குலத்துக்கு அது சரியாக வந்தது. உடுத்திப் பார்த்த அண்ணி, "தோள்ல கை வெச்சு இழுத்து விடவே வேணாம்மா, அப்படியே நிக்குது" என்றார். எனக்கு அது பெரிய நிறைவு.

அவருக்கு இன்னொரு மாற்றமும் தேவைப்பட்டது. மார்பின் மேற்பகுதி, அதாவது அக்குளை ஒட்டிய சுற்றளவு, அவருக்கு முழு மார்புச் சுற்றளவைவிடக் கணிசமாகக் குறைவு. இத்தகைய உடலமைப்பில் முன்பக்கம் மேலேறி, வயிற்றருகே விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்ய, கைக்குழிக்குச் சற்றுக் கீழே, முன்பக்கத்தில் மட்டும் நான்கு குறுவரிசைகளைச் சேர்த்தேன். ஓரம்வரை போகாமல் நடுவிலேயே திரும்பிவிடும் வரிசைகள் இவை. திரும்பும் இடத்தில் டபுள் குரோஷாவிலிருந்து ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப் எனக் கண்ணியின் உயரத்தைப் படிப்படியாகக் குறைத்தால் படிக்கட்டுபோல் தெரியாது. சிப்பி வரிசையில் இதைச் செய்ய முயலாமல் சாதா வரிசைகளிலேயே செய்ய வேண்டும். பக்க இணைப்பின் நீளம் மாறுவதில்லை. நடுவில் மட்டும் 4 செ.மீ. கூடுகிறது. பெரிய அளவுகளுக்கு எழுதப்படும் எந்தக் குறிப்பிலும் இந்த ஒரு பத்தி கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீண்ட நாள் பயன்பாட்டில் முதலில் தளர்வது தோள்பட்டிதான். முழு ஆடையின் எடையையும் அது தாங்குகிறது. வியர்வையில் நனையும்போது நூல் மேலும் இளகுகிறது. கழுத்து, கைக்குழி ஓரங்கள் முழுவதும் 3.5 மி.மீ. ஊசியால் ஒரு சுற்று சிங்கிள் குரோஷாவும், அதன்மேல் இறுக்கமாக ஒரு சுற்று ஸ்லிப் கண்ணியும் போட்டவற்றில் பட்டியின் நீளம் குறிப்பிடும்படி மாறவில்லை. துவைத்ததைக் கொடியில் தொங்கவிடாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, பாயில் விரித்து அளவுக்கு இழுத்துவைத்துக் காயவைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இப்படிக் காய்வதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகிவிடுகிறது. மின்விசிறியின் கீழ் வைத்து, இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டால் ஈரவாடை வருவதில்லை. அலமாரியிலும் ஹேங்கரில் மாட்டாமல் மடித்துத்தான் வைக்க வேண்டும்.

நூல் வாங்குவதற்கு முன்பே அளவைத் தீர்மானித்துவிட வேண்டும். சிறிய அளவுக்கு 250 கிராம் என்றால், அண்ணியின் அளவுக்கு அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால் 350 கிராமுக்கு மேல் பிடித்தது. உள்ளூர்க் கடைகளில் ஒரே சாய எண்ணில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுப்பில், அத்தனை கண்டுகள் கிடைக்காத சமயங்களில், வேறு சாய எண்ணைத் தோள்பட்டி ஓரங்களுக்கும் கீழ் விளிம்புக்கும் ஒதுக்கிக்கொண்டேன். அந்த இடங்களில் நிறத்தின் சிறு வேறுபாடு கண்ணில் படவில்லை.