கேன்லீ: குழித்துறையில் உட்கார்ந்து கனடாத் தீர்ப்பு படித்த அனுபவம்

குழித்துறை கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கட்டு தூக்குவது, நகல் மனு போடுவது, வாய்தா குறிப்பது, சீனியர் சொல்லும் சைட்டேஷனை, அதாவது மேற்கோள் காட்டுகிற பழைய தீர்ப்பை, அலமாரியில் தேடி எடுத்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. அந்த அலமாரியில் திருவிதாங்கூர் லா ரிப்போர்ட்டின் பழைய வால்யூம்கள்கூட இருந்தன. ஒரே ஒரு தீர்ப்புக்காக அரை நாள் தூசியில் நின்றிருக்கிறேன். அப்படி நின்றவனுக்குத்தான் கேன்லீயின் அருமை முழுசாகத் தெரியும்.

கேன்லீ என்பது கனடாவின் தீர்ப்புகளையும் சட்டங்களையும் காசில்லாமல் படிக்கத் தரும் இணையதளம். அந்த நாட்டு லா சொசைட்டிகளின், அதாவது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளின், கூட்டமைப்பு 2001இல் தொடங்கியது. நம்ம வக்கீல்கள் இந்தியத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் இணையதளத்தைத் திறப்பதுபோல அங்கே இதைத் திறக்கிறார்கள். பெயர் பதிய வேண்டாம், ஓடிபி வேண்டாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்கிறேன். என் மகள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் 4 வருடம் 2 மாதம் வேலை பார்த்தாள். 2025 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு போன். ரப்பர் வெட்டுகிறவர் வந்து நின்ற நேரம். அவளுக்கு அது திங்கள் இரவு ஒன்பது. "அப்பா, வேலை போச்சு" என்றாள். கம்பெனி கொடுத்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 4 வாரச் சம்பளம் தருகிறோம், இனி உங்களுக்கு எங்களிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவும். மருமகன் போட்டுக் கொடுத்துவிடலாம் என்ற மனநிலையில் இருந்தார். நான் சொன்னேன்: "மக்ளே, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு. மொதல்ல நீ வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்டை எனக்கு அனுப்பு."

அன்றைக்குப் பகல் முழுவதும் கேன்லீயில் கிடந்தேன். முதலில் ஒன்டாரியோவின் வேலைத் தரச் சட்டம், 2000. 57ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. நாலு வருடம் முடிந்து ஐந்து ஆகாதவருக்குக் வேலையை விட்டு அனுப்பக் குறைந்தபட்சம் 4 வார முன்னறிவிப்பு (நோட்டீஸ்), அல்லது அதற்கான சம்பளம். கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் சட்டப்படி தந்தே தீரவேண்டிய பணத்தை நீட்டி, அதற்குப் பதிலாக அவளுடைய மற்ற உரிமை அத்தனையையும் எழுதி வாங்கப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் தீர்ப்புகள். தேடும் பக்கத்தில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் தீர்ப்பில் வரும் சொற்கள், இன்னொன்றில் வழக்கின் பெயர் அல்லது எண். மூன்றாவது பெட்டிதான் பொக்கிஷம்: ஒரு வழக்கின் பெயரைப் போட்டால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் அதைப் பேசியிருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க என் சீனியர் எத்தனை புத்தகம் புரட்டுவார்! இங்கே ஒரு சொடுக்கு.

அப்படிக் கிடைத்ததுதான் 2020இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன வாக்ஸ்டேல் தீர்ப்பு, எண் 391. சின்னத் தீர்ப்பு, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். விஷயம் இதுதான். தக்க காரணம் இருந்தால் நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம் என்று அங்கே பல கான்ட்ராக்டுகளில் எழுதுவார்கள். சட்டமோ, வேண்டுமென்றே பெரிய தவறு செய்தவரைத்தான் அப்படி வெறுங்கையோடு அனுப்ப விடுகிறது. ஆகவே அந்த வரி சட்டத்தைவிடக் கீழே போகிறது, செல்லாது. அது செல்லாவிட்டால் பணிநீக்கம் பற்றிய மற்ற வரிகளும் சேர்ந்தே விழும், கம்பெனி அந்த மோசமான வரியைப் பயன்படுத்தவே இல்லை என்றாலும். அந்த வரிகள் விழுந்தால், கோர்ட்டுத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டப்படி நியாயமான நோட்டீஸ் தரவேண்டும். வயது, எத்தனை வருடம் வேலை, என்ன வேலை, அதேபோல் வேறு வேலை கிடைக்குமா, இவற்றைப் பார்த்து அந்தக் காலத்தை முடிவு செய்கிறார்கள். 1960இல் பார்டல் வழக்கில் வைத்த அளவுகோல், இன்றைக்கும் அதுதான்.

மகளின் கான்ட்ராக்டில் 9ஆம் பத்தி அச்சு அசலாக அதே வரி. பென்சிலால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான். பல தீர்ப்புகளில் ஹெட்நோட், அதாவது தொடக்கத்தில் வரும் சுருக்கம், கிடையாது, முழுசாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பாராவுக்கும் எண் இருப்பதால் "பாரா 10ஐப் பாரு" என்று கடல் தாண்டிச் சொல்ல முடிகிறது. இன்னொன்று, ஒரே ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. "எந்த நேரத்திலும் அனுப்பலாம்" என்ற வாசகம் செல்லாது என்று 2024இல் டூஃபோ வழக்கில் ஒரு நீதிபதி சொன்னார். அப்பீலில் வேறொரு காரணத்தால் அந்தத் தீர்ப்பு நின்றது, இந்த வாசகத்தைப் பற்றி மேல்கோர்ட் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த மூன்றாவது பெட்டியைப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

தேடும்போது வழிதவறி இன்னொரு தீர்ப்பில் போய் விழுந்தேன். கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் ஒரு விவசாயிக்கு ஆளிவிதை வாங்குகிற கம்பெனி ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து போனில் அனுப்புகிறது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார், ஆனால் விதையைத் தரவில்லை. அது சம்மதம்தான் என்று 2023இல் தீர்ப்பு, 82,200 டாலர் நஷ்டஈடு. 2024இல் அப்பீலிலும் அதே முடிவு. மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்காரருடன் நானும் வாட்ஸப்பில்தான் விலை பேசுகிறேன். வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

சரி, கேன்லீ வக்கீல் ஆகாது. அது தீர்ப்பைத் தரும், உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று சொல்லாது. ஒன்டாரியோ லா சொசைட்டி வழியாக ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் இலவசமாகப் பேசும் வசதி இருக்கிறது. மகள் அதைப் பயன்படுத்தினாள். அரைமணி என்பது சீக்கிரம் ஓடிவிடும். சட்டப் பிரிவும், வாக்ஸ்டேலும், கோடு போட்ட 9ஆம் பத்தியும் கையில் இருந்ததால் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மருமகனுக்கும் பயம் போய்விட்டது. கோர்ட்டுக்கே போகாமல், வக்கீலின் ஒரே கடிதத்தில், 4 வாரம் 14 வாரமாக ஆனது.

படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: போனில் படிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் திறந்து பிடிஎஃப் எடுத்து அச்சிடுங்கள். வாக்ஸ்டேலை நான் குழித்துறை ஜங்ஷனில் பிரின்ட் எடுத்தேன். அந்தத் தாள்கள் இப்போதும் என் மேசையில்தான். பிப்ரவரியில் மகளுக்குப் புது வேலை ஆஃபர் வந்தது. அதை அவள் அனுப்பியதும் பணிநீக்கப் பத்தியைத் திருப்பி, வாக்ஸ்டேல் தாள்களைப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன்.