ஐ.சி.ஆர்.சி.யின் குடும்பத் தேடல் சேவை: எழுதிக் கொடுக்கும் விவரம் எவ்வளவு பத்திரம்?

காணாமல் போன ஒருவரைத் தேடித் தரச் சொல்லி நிரப்பும் படிவம் சாதாரணக் காகிதம் இல்லை. தேடுகிறவர் இப்போது எங்கே இருக்கிறார், தேடப்படுபவரின் தாய் தகப்பன் யார், அவர் கடைசியாக எந்த ஊரில் யாருடைய பிடியில் காணப்பட்டார் என்று எல்லாமே அதில் இருக்கும். போர் நடந்த நாட்டில் இது தவறான கைக்குப் போனால் தேடுகிறவருக்கும் ஆபத்து, தேடப்படுபவருக்கும் ஆபத்து. ஐ.சி.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்லும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவும், பல நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களும் சேர்ந்து நடத்துவது இந்தச் சேவை. கொடுத்த விவரத்தை எப்படிக் காக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியை வைத்து மட்டும் அதை இங்கே எடைபோடுகிறோம். தமிழ் வீடுகளுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இலங்கையில் 1990 முதல் 16,000-க்கும் மேற்பட்டோர், பாதுகாப்புப் படையினர் உட்பட, காணாமல் போனதாக ஐ.சி.ஆர்.சி.யிடம் பதிவாகியிருக்கிறது.

முதலில் படிவம். தேடப்படுபவரின் முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தேதியும் ஊரும், பெற்றோர் பெயர், கடைசி முகவரி, கடைசியாகப் பார்த்த அல்லது பேசிய நாள், பிரிந்த சூழ்நிலை, இருந்தால் ஒரு படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பிறகு தேடுகிறவரின் விவரமும் உறவுமுறையும். தேவைக்கு மேல் கேட்பதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் தாய் தகப்பன் பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. லண்டனிலோ ஆஸ்லோவிலோ படிவம் நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுவோம். யாழ்ப்பாணத்தில் நிரப்பிய இன்னொரு படிவத்தில் அதே பெயர் வேறு கட்டத்தில் இருக்கும். போதாததற்கு, ஆங்கில எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் ஒன்றாகவும் கடவுச்சீட்டில் இன்னொன்றாகவும் இருக்கும். இரண்டு பதிவும் ஒருவரைப் பற்றியதுதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் கூடுதல் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்புதலைத் துண்டு துண்டாகக் கேட்கிறார்கள். இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிற நாட்டுச் சங்கத்துக்கு அனுப்பலாமா, அரசு அதிகாரிகளிடம் விசாரிக்கலாமா, பெயரை வெளியிடலாமா, படத்தைப் போடலாமா என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்பார்கள். துயரத்தில் இருப்பவருக்கு எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிடத்தான் தோன்றும். அதிகாரிகள் பற்றிய கேள்வியில் மட்டுமாவது நிதானியுங்கள். கைது செய்து கொண்டுபோனது யார் என்று தெரிந்தால், அங்கே விசாரிக்காமல் பதில் வராது. ஆனால் அவர் தலைமறைவாக இருக்கவோ வேறு நாட்டில் தஞ்சம் கேட்டிருக்கவோ வாய்ப்பிருந்தால், அந்த ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு ஒப்புதல் தரலாம். ஆள் கிடைத்துவிட்டாலும் அவருடைய முகவரியை அவர் சம்மதம் இல்லாமல் தேடியவரிடம் கொடுக்க மாட்டார்கள். சில குடும்பங்களுக்கு இது வலிக்கும். வீட்டு வன்முறைக்குத் தப்பி ஓடிய பெண்ணை நினைத்துப் பார்த்தால், இந்த விதி ஏன் தளரக் கூடாது என்பது புரியும்.

ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் தொடர்பு அறுந்தவர்களுக்காக 2013-இல் தொடங்கிய 'டிரேஸ் த ஃபேஸ்' இணையதளம் இதே கவனத்துக்கு நல்ல உதாரணம். காணாமல் போனவரின் படம் அதில் வராது. தேடுகிறவரின் படம்தான் வரும். படத்தோடு பெயரோ இருப்பிடமோ இருக்காது. 'என் தம்பியைத் தேடுகிறேன்' என்பது போல உறவுமுறை மட்டும் இருக்கும். முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டவர் அந்தப் படத்தை அழுத்திச் செஞ்சிலுவைக்கு எழுத வேண்டும். நேரடித் தொடர்பு எண் எதுவும் வெளியே தெரியாது. முகநூலில் காணாமல் போனவரின் படத்தையும் கைபேசி எண்ணையும் சேர்த்துப் போடும் நம் வழக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனாலும் இணையத்தில் ஏறிய படத்தை யார் வேண்டுமானாலும் சேமித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு தளத்திலிருந்து எடுத்துவிட்டாலும் அந்தப் பிரதி அழியாது. ஊரில் இருக்கும் உறவினருக்கு உங்கள் முகத்தால் தொல்லை வரும் என்றால் இந்த வழி வேண்டாம்.

செஞ்சிலுவை மடலுக்கும் ஓர் எச்சரிக்கை. சிறையில் இருப்பவருக்கோ, தொலைபேசி எட்டாத இடத்தில் இருப்பவருக்கோ அனுப்பும் இந்தக் கடிதம் ஒட்டப்படாமல் திறந்தே போகும். அதிகாரிகள் படிப்பார்கள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். இயக்கம், இராணுவம், வழக்கு பற்றி ஒரு வரி இருந்தாலும் மடல் நின்றுபோகலாம், வாங்குகிறவருக்கும் சிக்கல்.

அடுத்தது, கொடுத்த விவரத்தை நீதிமன்றமோ அரசோ பிடுங்க முடியுமா என்பது. இதில் ஐ.சி.ஆர்.சி.க்கு இருக்கும் அரண் வேறு எந்த அறக்கொடை அமைப்புக்கும் கிடையாது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் 1999 ஜூலையில் சிமிச் என்பவர் மீதான போர்க்குற்ற வழக்கில், ஐ.சி.ஆர்.சி. தன்னிடம் உள்ள தகவலை வெளியிட மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நடைமுறை விதி 73-உம் அதே பாதுகாப்பைத் தருகிறது. குடும்பங்களுக்கு இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. உங்கள் வாக்குமூலம் எதிராளியின் வக்கீல் கையில் சேராது. அதே காரணத்தால், நீங்கள் நீதி கேட்டுப் போகும் இடத்துக்கும் ஐ.சி.ஆர்.சி. சாட்சி சொல்ல வராது. ஆகவே அவர்களிடம் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் தேதியிட்ட பிரதி எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமல் போனோர் அலுவலகம் அரசு அமைப்பு, இது வேறு. ஐ.சி.ஆர்.சி.யில் பதிந்ததால் அங்கேயும் பதிந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்.

அரசுக்கு விவரம் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ரோஹிங்கியாக்களின் கதை காட்டியது. அகதி முகாமில் ஐ.நா. அகதிகள் அமைப்பு திரட்டிய விவரங்கள் வங்கதேச அரசு வழியாக, அவர்கள் தப்பி வந்த மியான்மர் அரசின் கைக்கே போனதை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் வெளிக்கொண்டு வந்தது. ஐ.சி.ஆர்.சி. 2019 ஆகஸ்டில் தனக்கென உயிரளவைக் கொள்கை ஒன்றை, அதாவது கைரேகை போன்ற உடல் அடையாளங்களைக் கையாளும் விதியை, வகுத்தது. உதவிப் பொருள் வழங்கக் கைரேகை எடுத்தாலும் அதை மையத் தரவுத்தளத்தில் சேர்ப்பதில்லை, உரியவர் கையில் இருக்கும் அட்டையிலேயே வைப்பது என்பது அதன் சாரம். இல்லாத தரவை யாரும் கேட்கவும் முடியாது, திருடவும் முடியாது. மற்ற அமைப்புகள் காப்பியடிக்க வேண்டிய விதி இது.

இவ்வளவு கவனமான அமைப்பு சறுக்கியது சர்வர் அறையில். 2022 ஜனவரி 18 அன்று தங்கள் கணினிகளில் அந்நியர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், மறுநாளே உலகுக்கு அறிவித்தார்கள். குறைந்தது 60 நாடுகளின் சங்கங்கள் சேர்த்த, 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரம் அந்தச் சர்வர்களில் இருந்தது. காணாமல் போனோர், பிரிந்த குடும்பங்கள், காவலில் இருப்போர் எல்லோரும் அதில் அடக்கம். ஊடுருவல் நடந்தது 2021 நவம்பர் 9-இல். எழுபது நாள் யார் கண்ணிலும் படவில்லை.

அந்நியர் நுழைந்த வழியை ஐ.சி.ஆர்.சி.யே பிப்ரவரி 16 அறிக்கையில் சொன்னது. மென்பொருள் ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ-2021-40539 என்ற எண்ணுள்ள ஓட்டை. அந்த எண் குறிப்பது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு தயாரிக்கும் ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ் மென்பொருளை. ஊழியர்கள் மறந்துபோன கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவுவது அது. ஒரு பக்கம் இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும், இன்னொரு பக்கம் அலுவலகத்தின் எல்லாக் கணக்குகளோடும் பேசும். அதில் ஓட்டை என்றால் நேரே நிர்வாகியின் கணக்கு வரை போகலாம். ஸோஹோ 2021 செப்டம்பர் தொடக்கத்திலேயே திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸாவும் செப்டம்பர் 16 அன்று பொதுவில் எச்சரித்தன. நவம்பர் 9 வரை இரண்டு மாத அவகாசம் இருந்தும் இங்கே அந்தத் திருத்தம் போடப்படவில்லை. ஆண்டுக்குப் பல்லாயிரம் திருத்தங்களைப் போடுவதாகவும் இதைச் சரியான நேரத்தில் போடவில்லை என்றும் அறிக்கை ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை மதிக்கிறோம். ஆனால் எந்தத் திருத்தத்தை முதலில் போடுவது என்ற வரிசை சரியாக இருந்திருந்தால், இணையத்துக்குத் திறந்திருக்கும் கடவுச்சொல் மென்பொருள்தான் பட்டியலின் தலையில் இருந்திருக்கும்.

'குறியாக்கம் செய்திருக்கிறோம்', அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருக்கிறோம், என்று எந்த அமைப்பு சொன்னாலும் இந்த அறிக்கையின் ஒரு வரியை நினைவில் வையுங்கள். தரவு குறியாக்கப்பட்டுத்தான் இருந்தது, இருந்தும் எடுக்க முடிந்தது. காரணம் எளிது. வந்தவர்கள் முறையான பயனாளர், நிர்வாகி வேடத்தில் இருந்தார்கள். பெட்டகம் எவ்வளவு கனமாக இருந்தாலும், சாவிக்கொத்தோடு வருபவனுக்கு அது திறக்கத்தான் செய்யும். குறியாக்கம் காப்பது திருடுபோன கணினி வட்டில் (டிஸ்க்) இருக்கும் தரவை. நிர்வாகி வேடத்தில் உள்ளே புகுந்தவரைத் தடுக்க, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டை அடையாளச் சோதனை வேண்டும், ஒருவரால் எத்தனை பதிவைத் திறக்க முடியும் என்ற வரம்பு வேண்டும், வழக்கத்துக்கு மாறான அசைவைக் கண்டு மணியடிக்கும் கருவி வேண்டும். அவர்களிடம் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் சில கோப்புகளைப் பிடித்தது, பெரும்பாலானவற்றைக் கோட்டைவிட்டது. தாக்கியவர்கள் அந்தச் சர்வர்களுக்காகவே, அவற்றின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) குறிப்பிட்டே நிரல் எழுதியிருந்தார்கள். சர்வர்களில் மேம்பட்ட கண்காணிப்புக் கருவியை நிறுவிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அதற்குப் பின் நடந்துகொண்ட முறைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். சர்வர்களை உடனே இணைப்பிலிருந்து எடுத்தார்கள். தரவு நகலெடுக்கப்பட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், 'ஆதாரம் இல்லை' என்று பூசி மெழுகவில்லை. தொலைபேசி, கடிதம், பொது அறிவிப்பு, தொலைவான ஊர்களுக்கு நேரில் ஆள் என்று பல வழியில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல முயன்றார்கள். இரட்டை அடையாளச் சோதனையைச் சேர்த்து, வெளியாரை வைத்து உடைத்துப் பார்க்கும் ஊடுருவல் சோதனை நடத்தித் தேறிய பிறகே ஒவ்வொரு மென்பொருளையும் திறப்பது என்று முடிவெடுத்தார்கள்.

குறையில் பெரியது, பயனாளரின் உரிமை நுழைந்த வாசலைப் பொறுத்து மாறுவது. இலங்கையிலோ டெல்லியிலோ ஐ.சி.ஆர்.சி.யிடமே நேரடியாகப் பதிந்தால், 2015-இல் அது தனக்கே வகுத்துக்கொண்ட தரவுப் பாதுகாப்பு விதிகள்தான் பொருந்தும். பார்க்க, திருத்த, நீக்கக் கேட்கலாம். மனக்குறை இருந்தால் முதலில் அதன் தரவுப் பாதுகாப்பு அலுவலகம், பிறகு தனிக் கட்டுப்பாட்டு ஆணையம். வழக்குகளிலிருந்து சட்ட விலக்கு இருப்பதால் அதை நாட்டின் நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம். அதுவே பிரிட்டிஷ் செஞ்சிலுவையிலோ ஜெர்மன் செஞ்சிலுவையிலோ பதிந்தால் அந்த நாட்டுத் தரவுச் சட்டம் அவர்களைக் கட்டும். உங்களைப் பற்றிய கோப்பின் நகலை எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம். ஐரோப்பாவில் இருக்கும் குடும்பம் அங்கிருந்தே பதிவது நல்லது என்பது எங்கள் கருத்து.

பதியப் போகும் நாளில் செய்ய வேண்டியது: நிரப்பிய படிவத்தின் நகலையும் கோப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த ஒப்புதல் கொடுத்தீர்கள் என்பதை நகலில் குறித்து வையுங்கள். பின்னால் ஒன்றைத் திரும்பப் பெற அது உதவும். கோப்பையே நீக்கச் சொன்னால் தேடலும் நின்றுவிடும், அதனால் வெளியீட்டை மட்டும் நிறுத்தினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தவிருங்கள். செய்தி குறியாக்கப்பட்டிருந்தாலும் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற தடம் நிற்கும். இந்தச் சேவை முழுக்க இலவசம், 'உங்கள் மகன் கிடைத்துவிட்டான், செலவுக்கு அனுப்புங்கள்' என்று யார் பேசினாலும் எண்ணைக் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நீங்களே அழையுங்கள். வீடும் கைபேசி எண்ணும் மாறும்போதெல்லாம் கோப்பு எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். ஆள் கிடைத்தாலும், தரவு திருடு போனாலும், உங்களுக்குச் சொல்ல அவர்களிடம் இருப்பது நீங்கள் கொடுத்த முகவரியும் கைபேசி எண்ணும்தான்.