.375 ரைபிளின் உதையைப் பழக்கித் தருகிறோம் என்று 1,140 டாலரை விழுங்கிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். அப்புறம் அடுத்த ஆள் போய் அங்கேயே மாட்டுவார்.

போனது 1,140 டாலர். வாங்கிக்கொண்டவர்கள் தெற்கு டெக்சஸில் முன்னால் துப்பாக்கிக் கடை, பக்கத்தில் துப்பாக்கியைப் பழுது பார்க்கும் கன்ஸ்மித் பட்டறை, பின்னால் சுடுதளம் என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருப்பவர்கள். பெயர் போடவில்லை.

ரைபிள் .375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கானது. வால்நட் மரக் கட்டை (தோளில் பதியும் பின்பகுதி), ஸ்கோப்போடு 9 பவுண்டு எடை. நீல்காய் என்ற பெரிய மான் வேட்டைக்கென்று வாங்கியது. இந்தியாவிலிருந்து போன அந்த விலங்கை 1930 வாக்கில் கிங் ராஞ்ச் பண்ணையில் விட்டார்கள். இன்று தெற்கு டெக்சஸ் கடலோரத்தில் அது பெருகிக் கிடக்கிறது. வளர்ந்த கிடா 600 பவுண்டு வரை வரும். அடிபட்டாலும் நிற்காமல் ஓடுகிற ஜாதி, அதனால்தான் பெரிய குண்டு. ஆனால் சுடும்போது ரைபிள் பின்னால் தோளில் அடிக்கும் உதையும் பெரிது. சாதாரண வேட்டைத் தோட்டாவான .30-06 போடும் 8 பவுண்டு ரைபிள் சுமார் 20 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு) உதைக்கிறது என்றால், 300 கிரெய்ன் எடைக் குண்டு போட்ட .375 நாற்பதைத் தொடும். பழகாத ஆளுக்கு விசை விழும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் பாயும், குழல் தாழும். இந்த மிரட்சியைத் தீர்க்கத்தான் அந்தக் கடை.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். கவுண்டரில் இருந்தவர் ரைபிளை வாங்கியதும் போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று பார்த்தார். பார்த்தது போதாமல் சுண்டுவிரலை உள்ளே விட்டும் தடவினார். ஒழுங்கு தெரிந்த கை என்று அந்த ஒரு செய்கையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "கட்டை உங்களுக்கு நீளம் சார், உதை முகத்தில் ஏறுவது அதனால்தான். இரண்டு சனிக்கிழமை கொடுங்கள், சின்ன .243 மாதிரி லேசாகச் சுடுவீர்கள்" என்றார். மஸில் பிரேக் (குழல் நுனியில் மாட்டி உதையைக் குறைப்பது) 320, ரீகாயில் பேட் (கட்டையின் அடியில் ஒட்டும் மெத்தை) 180, கட்டைக்குள் உதையை விழுங்கும் பாதரசக் குழாய் 150, ஸ்கோப்பைக் கழற்றி மாட்ட 90, இரண்டு வகுப்புக்கு 400. ஆக 1,140, முழுசும் முன்பணம். ரசீதில் ஒரே வரி: "ரீகாயில் பேக்கேஜ்". பின்னால் கழுத்தை அறுத்ததும் அந்த ஒரு வரிதான்.

வேலை எப்படி நடந்தது? விசையிலிருந்து கட்டையின் அடிவரை முதலில் 13¾ அங்குலம். பேடின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல் மரத்தை அறுத்ததால் முடிவில் 12¾. கட்டை ஓர் அங்குலம் குறைந்தால் கண்ணும் ஓர் அங்குலம் ஸ்கோப்பை நெருங்கும். அதற்கு ஏற்றபடி ஸ்கோப்பை முன்னால் தள்ளவில்லை. 3½ அங்குலம் தள்ளி இருக்க வேண்டிய கண் 2½ அங்குலத்தில் நின்றது. இரண்டாவது ஷாட்டிலேயே புருவத்தில் பிறை வடிவில் வெட்டு. உதையைப் பழக்குகிறேன் என்று சொல்லி ரத்தம் பார்க்க வைத்தால் மிரட்சி போகுமா, கூடுமா?

பிரேக்கை மட்டமாக நிறுத்த நசுங்கும் வாஷர் போட்டிருந்தார்கள். அது ஒரு பக்கமாக நசுங்கினால் பிரேக் கோணிக்கொள்ளும். பிரேக்கின் துளை குண்டைவிட 0.020 அங்குலம்தான் பெரிது. இம்மி சாய்ந்தாலும் குண்டு உரசும். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைசித் தடுப்பின் துளை விளிம்பில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில், குண்டின் மேலுறைச் செம்பு ஈஷியிருக்கிறது. 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்த மூன்று குண்டும் இப்போது ஆறு அங்குலத்துக்குச் சிதறுகின்றன.

உச்சம் இரண்டாவது சனிக்கிழமை. "தோளுக்கு வலியே தெரியாது" என்று ரைபிளை ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, சட்டத்தின் தட்டில் 100 பவுண்டு ஈயப் பைகளை அடுக்கினார்கள். பெரிய காலிபரில் செய்யவே கூடாத காரியம் இது. மனுஷத் தோள் சில அங்குலம் பின்னால் போய் உதையை நேரத்தில் பரப்பி வாங்கிக்கொள்ளும். 100 பவுண்டு ஈயம் நகராது. அப்போது மொத்த அடியும் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் விழும். ரீகாயில் லக் (உதையை மரத்துக்குக் கடத்தும் இரும்புப் புடைப்பு) பதியும் இடம் தளர்வாக இருந்து, டாங்குக்கு (இரும்புப் பாகத்தின் வால்நுனி) பின்னால் மெல்லிய இடைவெளியும் விடாவிட்டால், டாங்க் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். ஏழாவது ஷாட்டுக்குப் பிறகு டாங்குக்குப் பின்னால் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. கட்டைவிரலால் துடைத்தால் போகவில்லை. நகத்தை வைத்தால் மாட்டியது. வெடிப்பு.

அப்புறம் அலைக்கழிப்பு. முதல் போனுக்கு, "கன்ஸ்மித் சனிக்கிழமைதான் வருவார்." சனிக்கிழமை நேரில் போனால், "மரம்தானே, வெடிக்கத்தான் செய்யும்." அடுத்து, "பழைய வெடிப்பாக இருக்கும்." பிரேக்கை எடுத்துக் காட்டியதும், "நீங்கள் போட்ட தோட்டா சரியில்லை." தோட்டா அவர்களிடமே வாங்கியது! பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பேக்கேஜை உடைக்க முடியாது, வகுப்பு முடிந்துவிட்டதே" என்கிறார்கள். நேற்று வந்த மின்னஞ்சலில் ஒரே வரி: எங்கள் பக்கம் தவறில்லை. 1,140 டாலருக்கு ஒரு வரி ரசீது, ஒரு வரி பதில்.

பழகும் முறையை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உதைக்குப் பழகுவது பெஞ்சில் உட்கார்ந்து அல்ல, நின்று. பெஞ்சில் உடம்பு பின்னால் அசைய வழியில்லாததால் அதே தோட்டா இரு மடங்கு அடித்த மாதிரி இருக்கும். நின்று, எடையை முன்காலில் போட்டு, இரண்டு கையாலும் ரைபிளைத் தோளின் குழிக்குள் இழுத்துப் பிடிக்க வேண்டும். கழுத்தெலும்பின் மேலோ புஜத்திலோ வைக்கக் கூடாது. கன்னம் கட்டையை விடக் கூடாது. காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மஃப், இரண்டுமே வேண்டும். மிரட்சியில் பாதி சத்தத்தால் வருவது. பிரேக் போட்டால் உதை குறைந்து சத்தம் ஏறும் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

ஒரு நாளைக்குப் பத்து தோட்டா போதும், மூன்று மூன்றாகப் பிரித்து. நடுவில் .22 எடுத்துச் சுட்டுக் கையைச் சாந்தப்படுத்துங்கள். கூட வருபவரை வெடிக்காத டம்மித் தோட்டாவையும் நிஜத் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மியில் குழல் தாழ்ந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். தோட்டாவை நீங்களே நிரப்புபவர் என்றால், எச்4895 வெடிமருந்தை அதன் உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்க அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே அனுமதிக்கிறது. வேறு மருந்தில், குறிப்பாக மெதுவாக எரியும் மருந்தில், அப்படிக் குறைத்துப் பார்க்காதீர்கள், ஆபத்து.

கடைக்குப் போகிறவர்களுக்கு அவசரமாக நாலு வார்த்தை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ரசீதில் தனி வரி, தனித் தொகை கேளுங்கள். கட்டையை அறுக்கும் முன் நீளத்தை அளந்து எழுதி வாங்குங்கள். பிரேக் மாட்டிய பிறகு அளவுக்கம்பியைக் குழலுக்குள் விட்டு, துளைக்கு நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஒரு குண்டும் சுடாதீர்கள். ஈயப்பை அடுக்கிய சட்டத்தில் .375 வைக்கச் சொன்னால் ரைபிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கார்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் இன்று போகிறது. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் போக வேண்டும். அது நடக்காவிட்டால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றம் இருக்கிறது, டெக்சஸில் 20,000 டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம். 1,140-ஐ விடப்போவதில்லை. பிரேக்கைத் துடைக்காமல் பையில் போட்டுக் கட்டி வைத்தாயிற்று, அந்தச் செம்புத் தடத்தோடு.