142 செ.மீ. உயரத்துக்கு மின்சைக்கிள்: வாங்குவதா, மாற்றுவதா?

என் அக்காவின் உயரம் 142 செ.மீ., எடை 41 கிலோ, காலின் உள்நீளம் 64 செ.மீ. இந்த மூன்று எண்களோடு அவருக்கு ஒரு மின்சைக்கிள் தேடியபோது எங்களுக்கு மூன்று வழிகள் தென்பட்டன. கடையில் ‘சிறிய அளவு’ என்று விற்கப்படும் 26 அங்குலச் சக்கர மின்சைக்கிளை வாங்கலாம், 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடிப்பு மின்சைக்கிளை வாங்கலாம், அல்லது 24 அங்குலச் சக்கரச் சாதாரண சைக்கிள் ஒன்றில் மோட்டார் பொருத்தலாம்.

முதல் வழியில் குறுக்குக் கம்பி தாழ்ந்திருப்பதால் காலைத் தூக்கி ஏறும் சிரமம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் கைப்பிடியின் தூரம் தீர்வதில்லை. அக்கா அமர்ந்து பார்த்த வண்டியில் முழங்கை மடங்க இடமே இல்லாமல் கைகள் விறைத்து நீண்டிருந்தன. பிரேக்கைத் தொட நடுவிரலின் நுனி மட்டுமே எட்டியது. மெதுவாகத் திரும்பியபோது செருப்பின் முனை முன்சக்கரத்தில் உரசியது, ஏனெனில் சட்டத்தை மட்டும் சுருக்கிச் சக்கரத்தைச் சுருக்காமல் விட்டால் பெடலுக்கும் டயருக்கும் இடையே போதிய இடைவெளி கிடைப்பதில்லை. கூடவே வண்டியின் எடை 24 கிலோ, அதாவது அவருடைய எடையில் பாதிக்கும் மேல். சாயும் வண்டியை அவரால் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதாலேயே இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

20 அங்குல மடிப்பு வண்டி இதைவிடப் பல மடங்கு இணக்கமானது. சீட்டுத் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் சீட்டைத் தாழ்த்தத் தாழ்த்த அது கைப்பிடியை நெருங்கி வருகிறது, பெடலுக்கும் டயருக்கும் இடையே தாராளமாக இடம் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரத்துக்கென்று கம்பி சுற்றப்பட்ட ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமரும் மோட்டார்) 20 அங்குலச் சக்கரத்தில் ஏறினால் உச்ச வேகம் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறையும், ஆனால் மேட்டில் உந்துவிசை அதே விகிதத்தில் கூடும். மெல்லிய உடலினருக்கு இது நல்ல பேரம். குறை என்னவென்றால், சிறிய சக்கரம் ஒவ்வொரு குழியையும் கைக்குக் கடத்துகிறது, கைப்பிடியும் சற்றே துடிப்பாகத் திரும்புகிறது. சமதளச் சாலையில் குறுகிய தூரம் போகிறவர்களுக்கு இதுவே போதும்.

நாங்கள் தேர்ந்தது மூன்றாவது வழி. முதலில் மோட்டாரைப் பற்றிய பேச்சே இல்லாமல், மிதித்துப் பார்த்து உடலுக்குப் பொருந்திய ஒரு 24 அங்குலச் சைக்கிளைத் தேடினோம். பொதுவான 170 மி.மீ. கிராங்கை (பெடலைத் தாங்கும் கையை) கழற்றிவிட்டு 152 மி.மீ. கிராங்கைப் போட்டதும், மிதிக்கும்போது முட்டி வயிற்றை நோக்கி எழுவது நின்றது. வேறெந்த மாற்றத்தையும்விட இதுதான் அவருக்கு உடனே சுகம் தந்தது. பிரேக் லீவரில் உள்ள சிறு திருகை முடுக்கி அதைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவந்தோம்.

மோட்டாரைப் பொறுத்தவரை, நடுவில் பொருத்தும் வகை கிராங்க் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வதோடு, சிறிய சைக்கிளில் ஏற்கெனவே குறைவாக உள்ள தரை இடைவெளியை மேலும் குறைக்கிறது. முன்சக்கர ஹப் பொருத்துவது சுலபம். ஆனால் எடை குறைந்தவர் ஏறினால் முன்சக்கரத்தில் பாரம் போதாமல் மணலில் வெறுமனே சுழலும், அலுமினிய ஃபோர்க்கில் (சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவையில்) அச்சு பிய்த்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே, பல்சக்கரம் உள்ளடங்கிய 250 வாட் பின்சக்கர ஹப்பை, அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புக் கையோடு சேர்த்துப் பொருத்தினோம். வாங்குவதற்கு முன் பின் ஃபோர்க்கின் உள் அகலத்தை அளந்தே தீரவேண்டும்: பெரும்பாலான ஹப்புகள் 135 மி.மீ. கேட்கும், சிறுவர் சைக்கிள்களில் அந்த அகலம் இல்லாமலும் போகலாம்.

பேட்டரிதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சிறிய சட்டத்தின் முக்கோணத்துக்குள் வழக்கமான பேட்டரி நுழையவில்லை. பின் கேரியரில் வைத்தபோதோ, மோட்டாரும் அங்கேயே இருப்பதால் முன்சக்கரம் தூக்குவதுபோல் இருந்தது. கடைசியில் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி (அதாவது 360 வாட்-மணி) பேட்டரியை முன்கூடையில் அசையாமல் கட்டியபின் வண்டி நிதானத்துக்கு வந்தது. கிலோமீட்டருக்கு 9 வாட்-மணி என்று வைத்தாலும் இது 40 கி.மீ. தரும், 41 கிலோ எடையுள்ளவருக்கு இதைவிடப் பெரிய பேட்டரி வீண் சுமை. பெடல் சுழல்வதை மட்டும் உணரும் சென்சாருக்குப் பதிலாக மிதிவிசையை அளக்கும் சென்சாரைப் போட்டிருக்கிறோம். அதனால் புறப்படும்போது வண்டி வெடுக்கென்று பாய்வதில்லை, அக்காவும் நிற்குமிடங்களில் ஒரு பாதத்தை முழுதாகத் தரையில் ஊன்றியே நிற்கிறார்.