சுயசரிதையா, நாட்குறிப்பா, பிறர் எழுதிய வரலாறா?

பெரம்பூர்ப் பக்கத்துக் கிளை நூலகங்களில், போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு அடுத்தபடியாக முதுகு கிழிந்து கிடப்பவை வாழ்க்கைக் கதைகள்தாம். எப்படி முன்னுக்கு வந்தார் என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறோம் என்பார்கள். பாதிதான் உண்மை. மீதி, பிறத்தியார் வீட்டுச் சங்கதி கேட்கும் ஆசை. அதிலொன்றும் தப்பில்லை. சரி, சுயசரிதை, நாட்குறிப்பு, பிறர் எழுதிய வரலாறு, இந்த மூன்றில் எதைக் கையில் எடுப்பது?

வம்புக்கு நாட்குறிப்பே உகந்தது என்று தோன்றும். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் இதே பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனார். 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். 1746இல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுகிறது. மூன்றே ஆண்டில் அது ஆங்கிலேயரிடம் திரும்பிப் போகும் என்பது நமக்குத் தெரியும், அன்று எழுதிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது. அந்தப் பதைப்பு வேறெதிலும் கிடைக்காது. ஆனால் கப்பல் வந்ததையும் பீரங்கி முழங்கியதையும் யாருக்கு என்ன வெகுமதி என்பதையும் பக்கம் பக்கமாகத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பிறர் எழுதும் வரலாறு தேதிக்கும் ஆதாரத்துக்கும் நல்லது. தமிழில் பெரும்பாலும் மாலை போட்டுவிட்டுத்தான் எழுத உட்காருகிறார்கள் என்பது என் மனக்குறை.

என் வாக்கு சுயசரிதைக்கு. மூன்றில் நம்பகம் குறைந்ததும் அதுதான் என்று தெரிந்தே சொல்கிறேன். 1880இல் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயர் அப்போது கல்லூரித் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவ்வளவும் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். பழைய காப்பியமான சீவக சிந்தாமணி பற்றிய பேச்சு அதன்பிறகுதான் வருகிறது.

வரலாற்றாசிரியர் கையில் இது 'முதலியார் சிந்தாமணியை அறிமுகப்படுத்தினார்' என்ற ஒரு வரி. பட்டவரோ ஏறக்குறைய அறுபதாண்டு கழித்து, விகடனில் 'என் சரித்திரம்' எழுதும்போது, தான் சிறுத்துப்போன அந்த நேரத்தை விடாமல் சொல்கிறார். சுயசரிதைக்காரர் நிறைய மறைப்பார்தான். ஆனால் மறக்க முடியாமல் போனது எது என்பதை அவரைத் தவிர யார் சொல்ல முடியும்?

வடசென்னை வாசகர்கள் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புக'ளிலிருந்து (1944) தொடங்கலாம். பின்னி ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த கதையை, அதன் துணைத் தலைவராக இருந்தவர் வாயாலேயே கேட்கலாம். ஆலை இன்று இல்லை. அதைச் சுற்றிய பட்டாளம், புளியந்தோப்புப் பகுதிகள் இருக்கின்றன. தெருவைத் தெரிந்தவருக்கு அந்தப் பக்கங்கள் வேகமாக ஓடும்.

'என் சரித்திரம்' தடிப் புத்தகம். தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. பெரம்பூரிலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு அத்தியாயமாவது முடியும். 1942இல் ஆசிரியர் மறைந்ததால் கதை நடுவில் நின்றுவிடுகிறது. பிற்காலத்துக்கு, அவர் மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரா'னைத்தான் தேட வேண்டும். அதிலும் மாலை உண்டு. ஆனால் அது பக்கத்திலிருந்து பார்த்தவர் போட்ட மாலை.