அமெரிக்காவிலிருந்து தருவிப்பதா, பிரிட்டனில் பதிவானதை வாங்குவதா? பழைய மஸ்டாங்கை முன்வைத்து ஓர் அலசல்

பிரிட்டனில் 1960களின் அமெரிக்கக் கார் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவில் வாங்கிக் கப்பலில் ஏற்றி, வரி கட்டி, இங்கே தாமே பதிவு செய்துகொள்வது ஒன்று. வேறொருவர் எப்போதோ தருவித்துப் பதிவும் செய்துவிட்ட காரை, பிரிட்டன் எண் பலகையோடு இங்கேயே வாங்குவது மற்றொன்று. நான் முதல் வழியில் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைக் கொண்டுவந்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் பலரும் நினைப்பதுபோல விலை அல்ல.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஸ்டாங் 1964 ஏப்ரலில் அறிமுகமாகி, முதல் ஆண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். அமெரிக்கச் சந்தையில் தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் கப்பல் கட்டணம், காப்பீடு, துறைமுகச் செலவு, வரி எல்லாம் சேர்ந்தால் வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். உதிரிபாகங்கள் இரு வழியிலும் ஒன்றே. ரப்பர் பட்டையிலிருந்து முழு பாடி வரை மஸ்டாங்குக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதும் இரண்டிலும் மாறாது. கார்களை அப்படியே ஓட்டி ஏற்றும் ரோரோ கப்பலும் உண்டு. நான் கன்டெய்னரில் கொண்டுவந்ததால் ரோரோவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வரியில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 30 ஆண்டுகளைத் தாண்டிய, உற்பத்தி நின்றுபோன மாடலாக இருக்கும், சேசிஸ், எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றில் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் உள்ள காரைச் சுங்கத்துறை வரலாற்றுச் சேகரிப்புப் பொருளாக வகைப்படுத்துகிறது. அப்படியானால் சுங்க வரி இல்லை, வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம் மட்டுமே. அந்த வகைக்குள் வராவிட்டால் 10 சதவீதம் சுங்க வரியும், அதையும் சேர்த்த தொகையின் மேல் 20 சதவீதம் வாட்டும் விழும். கப்பல் செலவும் காப்பீடும் சேர்த்து 20,000 பவுண்டு மதிப்புள்ள காருக்கு முதல் கணக்கில் 1,000 பவுண்டு. இரண்டாவது கணக்கில் 6,400 பவுண்டு. ஆகவே நவீன எஞ்சினும் புதிய சஸ்பென்ஷனும் பூட்டி அழகாக விளம்பரப்படுத்தப்படும் அமெரிக்கக் கார்களைத் தருவிப்பது லாபமில்லை. அப்படிப்பட்ட கார்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே வரி கட்டி இங்கே வந்துவிட்டதை வாங்குவதே மேல். இந்த ஒரு விஷயத்தில் இரண்டாம் வழி தெளிவாக வெல்கிறது.

இனி என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். பழைய காரின் மதிப்பில் பெரும்பங்கு அதன் அடையாளத்தில், அதாவது இரும்பில் பொறித்த எண்ணும் காகிதத்தில் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருப்பதில் அடங்கியிருக்கிறது. எஞ்சின் கெட்டால் வேறு போடலாம். தரைத்தகடு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். அடையாளம் குழம்பிய காரை ஓட்டுவதும் கடினம், விற்பதும் கடினம். காரைத் தாமே தருவிக்கிறவருக்கு அந்த அடையாளத்தைப் பணம் கொடுக்கும் முன்னரே மூலத்தில் சோதிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. இங்கே பதிவானதை வாங்குகிறவர் முந்தைய இறக்குமதியாளர் செய்த சோதனையை, அல்லது செய்யாமல் விட்டதை, அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டு நாட்டு ஆவணங்களின் தன்மையே இதற்கு அடிப்படை. அமெரிக்க மாநிலங்கள் தரும் டைட்டில் என்பது உரிமைப் பத்திரம். வண்டி யாருக்குச் சொந்தம், அதன் மேல் கடன் கொடுத்தவர் யாராவது உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரிட்டனின் வி5சி, அதாவது லாக் புக், அப்படிப்பட்டதல்ல. வண்டியைப் பராமரித்து வரிக்குப் பொறுப்பேற்பவராகப் பதிவானவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தான் உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பதிவுக்காக பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்கு அனுப்பும் அசல் வெளிநாட்டு ஆவணம் திரும்பி வருவதில்லை. எனவே பல ஆண்டுகளுக்கு முன் பதிவான மஸ்டாங்கை இங்கே வாங்குகிறவர் கையில் பெரும்பாலும் வி5சி மட்டுமே இருக்கும். டைட்டிலின் நகலை முன்னவர் எடுத்து வைத்திருந்தால் அது அதிர்ஷ்டம்.

1966ஆம் ஆண்டு மஸ்டாங்கின் எண் எப்படி இருக்கும் என்று பார்த்தால் சோதனையின் பயன் புரியும். இன்றைய 17 இலக்க முறை 1981ஆம் ஆண்டு மாடல்களோடு வந்தது. அதற்கு முந்தைய ஃபோர்டு எண்கள் குறுகியவை. 6ஆர்07சி (6R07C) என்று தொடங்கினால், 6 என்பது 1966, ஆர் என்பது கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை, 07 என்பது இரு கதவுக் கூரைக் கார், சி என்பது 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின். டியர்பார்ன் ஆலையானால் ஆர் இருக்கும் இடத்தில் எஃப் இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினானால் சி இருக்கும் இடத்தில் டி (T) இருக்கும். ஆகவே டைட்டிலில் ஐந்தாம் எழுத்து டி என்றிருந்து, பானெட்டுக்குள் வி8 உட்கார்ந்திருந்தால், எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன 5 சதவீத வரிக் கணக்கே கேள்விக்குள்ளாகும்.

ஓட்டுநர் கதவில் ரிவெட் அடித்த தகட்டை மட்டும் நம்பக் கூடாது. அந்தத் தகட்டைப் புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். உண்மையான பொறிப்பு எஞ்சின் அறைக்குள், ஓட்டுநர் பக்க ஃபெண்டரின், அதாவது முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டின், உட்தகட்டு மேல்விளிம்பில் இருக்கிறது. அதன் மேல் மூடும் ஃபெண்டரில் ஒரு சிறு வெட்டு விட்டிருப்பார்கள், அதன் வழியே எண் தெரியும். விபத்திலோ துருவிலோ அந்த உட்தகடு மாற்றப்பட்டிருந்தால் பொறிப்பும் அதோடு போயிருக்கும். நான் வாங்கிய காரின் டைட்டிலில் 07 என்பது 01 என்று தட்டச்சாகியிருந்தது. பழைய உரிமையாளர்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் பக்கத்து மாநிலத்துக்குள் வாங்கி விற்கும்போது யாரும் ஃபெண்டரைக் குனிந்து பார்ப்பதில்லை. பொறித்த எண்ணை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பும்படி கேட்டதால் அது வெளிப்பட்டது. விற்பவர் தம் மாநில அலுவலகத்தில் திருத்திய டைட்டில் வாங்கிய பிறகே பணம் அனுப்பினேன். திருத்தத்தை அங்குள்ள உரிமையாளர்தான் கேட்க முடியும். கார் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கிய பிறகு அதே பிழை தெரிந்திருந்தால், பணம் வாங்கிவிட்ட விற்பனையாளரின் நல்ல மனத்தை நம்பியே காத்திருக்க வேண்டியிருக்கும்.

டைட்டிலில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. விற்பவரின் பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்; வியாபாரி ஒருவர் தம் பெயருக்கு மாற்றாமலே முன்னவர் கையெழுத்திட்ட பத்திரத்தைக் கைமாற்றினால் ஒதுங்கிக்கொள்வது நல்லது. கடன் கொடுத்தவர் பெயர் அச்சாகியிருந்தால் கடன் தீர்ந்த கடிதம் வேண்டும். உதிரிபாகத்துக்கு மட்டும், அழிப்புச் சான்று என்ற வகை முத்திரை இருந்தால் அந்தக் காரை மறந்துவிடலாம். ஏற்றுமதிக்கு 72 மணி நேரம் முன்பே அசல் டைட்டிலை அமெரிக்கச் சுங்கத்திடம் காட்ட வேண்டும் என்பதால், தபாலில் வரும் என்ற வாக்குறுதியை நம்பிக் காரைத் துறைமுகத்துக்கு அனுப்பக் கூடாது.

இதற்கடுத்தது காரின் வயதை நிரூபிப்பது. டைட்டிலில் இருப்பது மாடல் ஆண்டு. அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த ஆண்டு மாடலை முந்தைய ஆண்டின் கோடை முடிவிலேயே செய்யத் தொடங்கிவிடும் என்பதால், 1966 மாடல் 1965 இலையுதிர்காலத்தில் வெளிவந்த காராக இருக்கலாம். டிவிஎல்ஏ கேட்பது தயாரான தேதிக்கான சான்றை. அங்கீகரிக்கப்பட்ட உரிமையாளர் சங்கம் தரும் தேதிச் சான்றிதழ் இதற்குப் போதுமானது. சான்று திருப்திகரமாக இருந்தால் வயதுக்கேற்ற பதிவு எண் கிடைக்கும். வயதோ அடையாளமோ உறுதியாகாத வண்டிக்குக் கியூ எழுத்தில் தொடங்கும் எண் வரும், அது விற்பனை மதிப்பை அடித்துவிடும். 40 ஆண்டுகளைத் தாண்டினால் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. 1980களின் கார் வாங்குகிறவருக்குத் தயாரான மாதம் ஓராண்டு வரியையே தீர்மானிக்கலாம்.

இவையெல்லாம் கையில் இருந்தால், பலர் அஞ்சும் பதிவு வேலை உண்மையில் எளிது. கார் வந்த 14 நாட்களுக்குள், வண்டி வந்ததைத் தெரிவிப்பதற்கென வரித்துறையான எச்எம்ஆர்சி வைத்திருக்கும் நோவா முறையில் அறிவிக்க வேண்டும். அது தீராமல் டிவிஎல்ஏ பதிவு செய்யாது. பத்தாண்டைத் தாண்டிய கார் என்பதால் தனி வாகன ஒப்புதல் சோதனை தேவையில்லை. பிறகு பதிவு விண்ணப்பமான வி55/5 படிவம், தேதிச் சான்று, டைட்டில், அடையாள நகல்கள், 55 பவுண்டு கட்டணம், 40 ஆண்டுகளைத் தாண்டிய வரலாற்று வாகனமானால் எம்ஓடி விலக்குக்கான உறுதிமொழி. லாக் புக் வர ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை, முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்குப் போவதைத் தவிர சாலையில் ஓட்ட முடியாது. அசலை அனுப்பும் முன் டைட்டிலின் இரு பக்கங்களையும் சுங்க முத்திரையோடு வண்ண நகல் எடுத்து, சுங்க ரசீது, நோவா கடிதம், பொறிப்பின் படம் ஆகியவற்றோடு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை விற்கும்போது விலை பேசப்போவது அந்தக் கோப்புதான்.

விளக்குகளைப் பற்றி ஒரு குறிப்பு போதும். அமெரிக்க ஹெட்லைட் வலப்பக்கம் தாழும். மஸ்டாங்கின் 7 அங்குல வட்ட விளக்குக்கு இடப்பக்கம் தாழும் மாற்று சுலபமாகக் கிடைக்கிறது. 1965 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் முதலில் பயன்பாட்டுக்கு வந்த காருக்கு ஆம்பர் நிற இண்டிகேட்டர் வேண்டும். மஸ்டாங்கின் சிவப்புப் பின்விளக்கே இண்டிகேட்டராகவும் மின்னுவதால் கொஞ்சம் வயரிங் வேலை இருக்கும்.

துருவில் என் அனுபவம் மேற்குக் கடற்கரைக் கார்களோடு நின்றுவிடுகிறது. பொதுவாக உலர்ந்த மாநிலத்துக் கார் நல்லது என்பார்கள். ஆனால் அரிசோனா டைட்டில் இருப்பதாலேயே கார் அங்கேயே வளர்ந்தது என்று ஆகாது. மஸ்டாங்குக்கே உரிய ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகளில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, டாஷ்போர்டின் அடியில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் உள்ளே இருக்கும் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய முன்பாகத்தின் பற்றவைப்புகளைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் ஒரு பரிசோதகருக்குப் பணம் கொடுத்து இதைச் செய்யச் சொல்ல வேண்டும். இங்கே வாங்குகிறவர் தாமே ஊற்றிப் பார்க்கலாம். இரண்டாம் வழியின் உண்மையான பலம் இதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மாதக் கணக்கில் காத்திருக்க முடியாதவரும், கடல் கடந்து முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பத் தயங்குகிறவரும், மாற்றியமைத்த கார் தேடுகிறவரும் இங்கே பதிவானதையே வாங்கலாம். அவர்கள் வி5சியில் உள்ள எண்ணை ஃபெண்டர் பொறிப்போடு ஒப்பிட்டு, பழைய டைட்டிலின் நகலையும் தேதிச் சான்றையும் கேட்க வேண்டும். நோவா 2013 ஏப்ரலில்தான் வந்தது என்பதால் அதற்கு முன் வந்த காருக்கு அந்தக் கடிதம் இல்லாதது குறையல்ல. மற்ற எதுவும் இல்லாமல் பளபளப்பான பெயின்ட்டும் வி5சியும் மட்டும் காட்டப்பட்டால், அந்தக் காருக்கு நான் தரும் விலை, கோப்போடு வரும் காரின் விலைக்கு வெகு கீழேதான் இருக்கும்.